ஏழரைச் சனியா, நியூட்ரல் வயரா?

கேள்வி: கடலூர் முதுநகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் தையல்காரர், சின்னதாகச் சொந்தக் கடை. போன ஆடியில் எங்கள் மகள் பெரியவளானாள், 13 வயது. அதற்கு அடுத்த மாதத்திலிருந்து வீட்டில் அடிமேல் அடி. ஆவணியில் மிக்ஸி புகைந்தது. சில நாளில் ஃப்ரிட்ஜ், அப்புறம் டிவி. ரிப்பேருக்குப் பணம் போனதில் தையல் மெஷின் கடனுக்கு இரண்டு தவணை பவுன்ஸ் ஆனது. கவலையில் தூங்காமல் கிடந்த கணவர், ஒருநாள் விடியற்காலை பைக்கில் போகும்போது விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். தீபாவளி ஆர்டர் எல்லாம் கைவிட்டுப் போனது. போன வாரம் பஸ்ஸில் என் பர்ஸும் போய்விட்டது. போதாததற்கு, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் பல்பு திடீரென்று பளிச்சென்று எரிந்து மங்குகிறது. யாராவது ஏதாவது செய்து வைத்துவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. அத்தையோ, "ஆடியில உட்கார்ந்தா, குடும்பத்துக்கு ஆகல" என்கிறார். கணவருக்கு மேஷ ராசி, ஏழரை ஆரம்பித்துவிட்டது, பரிகார ஹோமத்துக்கு 21,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஜோசியர். தாய்மாமன் சீராக என் தம்பி எங்கள் மகளுக்குப் போட்ட செயினை அடகு வைக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, செயினை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஹோமத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் மின்வாரியத்துக்குப் போன் போடுங்கள். மின்னகம் எண் 94987 94987, ராத்திரியானாலும் எடுப்பார்கள். "வீட்டில் மூன்று சாமான் எரிந்துவிட்டது, விளக்கு ஏறி ஏறி இறங்குகிறது, கம்பத்தில் நியூட்ரலைப் பாருங்கள்" என்று இதே வார்த்தையில் புகார் கொடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தப் பல்பு வரிதான். நீங்கள் அதைச் செய்வினை என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். எந்த வயர்மேனிடம் படித்துக் காட்டினாலும் அவர் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். கம்பத்தில் மூன்று ஃபேஸுக்கும் சேர்த்துப் பொதுவாக ஒரு நியூட்ரல் போகிறது. அது தளர்ந்தாலோ அறுந்தாலோ, 230 வோல்ட் வர வேண்டிய ஒரு வீட்டில் 300-ஐத் தாண்டி வரும், அதே நேரத்தில் இன்னொரு வீட்டில் விளக்கு அழுது வடியும். தெருவில் எல்லோரும் லைட்டும் மோட்டாரும் போடுகிற நேரம் விளக்கு வைக்கிற நேரம்தானே? அப்போதுதான் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும். முதுநகர் உப்புக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியைத் தின்கிற காற்று கம்பத்து இணைப்பை மட்டும் விட்டுவைக்குமா? செம்பு வயரின் முனையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும், கிளாம்ப் துருப்பிடித்திருக்கும், தொடுகிற இடத்தில் பிடிப்பே இருக்காது. அக்கம்பக்கத்திலும் விசாரியுங்கள். ஆவணி, புரட்டாசியில் அவர்கள் வீட்டிலும் ஏதாவது புகைந்திருக்கலாம், சொல்லாமல் இருந்திருப்பார்கள். ஆள் வந்து சரிசெய்கிற வரைக்கும் ஃப்ரிட்ஜ், டிவி பிளக்கைப் பிடுங்கியே வையுங்கள். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள், மெயின் போர்டைப் பார்க்க வேண்டியது அவர் பொறுப்பு.

லைன்மேன் வந்து வேறு காரணம் சொன்னாலும் சரி, மிக்ஸி, ஃப்ரிட்ஜ், டிவி மூன்றும் ஒரே கணக்கு. மின்சாரக் கோளாறு என்று ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். ரிப்பேருக்குப் போன காசு தவணைக்கு வைத்திருந்த காசு, அதனால் பவுன்ஸ். பவுன்ஸ் ஆனதால் அவருக்குத் தூக்கம் போனது. தூக்கம் போனதால் விடியற்காலை இருட்டில் ஹேண்டில் ஆடியது. கை உடைந்தால் தீபாவளி ஆர்டர் எப்படி நிற்கும்? நீங்கள் ஏழு அடி என்று எண்ணியதை நான் எண்ணிப் பார்த்தால் ஒரு வயரும் ஒரு பர்ஸும்தான் மிஞ்சுகிறது. வலி குறைந்துவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் ஏழு பேர் சேர்ந்து அடிக்கிறார்கள் என்று பயந்துகொண்டிருக்கிற வீட்டுக்கு, அடித்தது ஒரே ஆள்தான் என்று தெரிவது பெரிய விஷயம். அந்த ஒரு ஆளை எங்கே பிடிப்பது என்றாவது தெரிகிறதே.

சம்பந்தமே இல்லாமலும் கெட்டது சேர்ந்து வரும். மகளை உட்கார வைத்து ஒரு ரூபாய்க் காசை நூறு முறை சுண்டச் சொல்லுங்கள், பூவா தலையா என்று நோட்டில் குறித்துக்கொண்டே வரட்டும். எங்காவது ஓரிடத்தில் ஐந்து முறை தொடர்ந்து ஒரே பக்கம் விழுவது ஏறக்குறைய நிச்சயம். ஏழு முறை தொடர்ந்து விழுவதற்கே பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. காசுக்கு ராசி கிடையாது.

நம் ஊர்க்காரர்களுக்கு அடி புதிதா என்ன? 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரை கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2024-ல் ஃபெஞ்சல் வந்து, பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளமும் வந்தது. அப்போதெல்லாம் எந்த வீட்டிலாவது "உன் ராசி என்ன, யார் எப்போது உட்கார்ந்தாள்" என்று கேட்டார்களா? ஊரோடு அடிபட்டால் புயல் என்கிறோம். தனியாக அடிபட்டால்தான் வீட்டுக்குள் ஆள் தேட ஆரம்பிக்கிறோம். தேடினால் அகப்படுவது எப்போதும் ஒரு பெண்தான்: மருமகள் வந்த நேரம், பிள்ளை பிறந்த நேரம், பொண்ணு பெரியவளான நேரம். மாப்பிள்ளை வந்த நேரம் மிக்ஸி எரிந்தது என்று இதுவரை யாரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை.

உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் இதுதான். பணம் ஒரு வருஷத்தில் புரண்டுவிடும். கை ஒன்றிரண்டு மாதத்தில் கூடிவிடும். 13 வயதுப் பெண் காதில் "உன்னால்தான்" என்று விழுந்தால் அது எப்போது வெளியே வரும் என்று சொல்ல முடியாது. உடம்பு மாறுகிற வயது, அதிலேயே அவளுக்கு ஆயிரம் குழப்பம் இருக்கும். அத்தை சொன்னதை அவள் கேட்டிருக்கவே மாட்டாள் என்று நினைக்காதீர்கள். முதுநகர் வாடகை வீட்டில் எந்தச் சுவர் பேச்சைத் தடுக்கிறது? இன்றைக்கே அவளைக் கூப்பிட்டு, வயர் விஷயத்தை நான் எழுதியிருப்பது போலவே விளக்கிச் சொல்லுங்கள். லைன்மேன் வரும்போது அவளும் கூட நிற்கட்டும். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்குப் புரியாத விஷயம் இல்லை இது. சாப்பாடு குறைந்தாலோ, பள்ளிக்கூடம் போக அடம்பிடித்தாலோ, யாரோடும் பேசாமல் சுருண்டு படுத்தாலோ 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். உங்களுக்காகவும் போடலாம், தப்பில்லை.

அத்தையிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மகன் கையைக் கட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற தாய், பயத்தில் எதையாவது பிடித்துக்கொள்கிறார். ஆனால் பேச வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் கணவர். "அம்மா, இனிமே பாப்பாவை வச்சு இந்தப் பேச்சு வேண்டாம்" என்று அவர் வாயால் வர வேண்டும். நீங்கள் சொன்னால் அது மாமியார், மருமகள் சண்டையாகி, விஷயம் வேறு பக்கம் போய்விடும்.

இனி ஜோசியர். சனி ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய முப்பது வருஷம். பன்னிரண்டு ராசி, ராசிக்கு இரண்டரை வருஷம். ராசிக்கு முந்தியது, ராசி, பிந்தியது என்று மூன்றில் இருக்கும்போது ஏழரை. அப்படியென்றால் எந்த நேரத்திலும் பன்னிரண்டில் மூன்று ராசிக்காரர்கள் ஏழரையில் இருக்கிறார்கள், நாலில் ஒருவர். அஷ்டமச் சனி, அர்த்தாஷ்டமச் சனி, கண்டகச் சனி மூன்றையும் சேர்த்தால் ஆறு ராசி. உங்கள் டவுன் பஸ்ஸில் பாதிப் பேர்! அத்தனை பேர் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் எரியவில்லை. இன்னொன்றும் கேளுங்கள். திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29. திருநள்ளாறு கோயில் பின்பற்றும் வாக்கியப்படி 2026 மார்ச். இடையில் வரும் உங்கள் ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில் மேஷ ராசிக்கு ஒரு பஞ்சாங்கத்தில் ஏழரை தொடங்கிவிட்டது, இன்னொன்றில் தொடங்கவே இல்லை. 21,000 ரூபாயை எந்தப் பஞ்சாங்கத்துக்குக் கட்டுவது என்று ஜோசியரிடமே கேட்டுப் பாருங்களேன்.

சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் சிதம்பரம், சீர்காழி வழியாகக் காரைக்கால் போய், திருநள்ளாற்றில் நளதீர்த்தத்தில் குளித்து, ஒரு எள் தீபம் போட்டுவிட்டு வாருங்கள். பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும்தான். குடும்பமாகப் போய் வந்தால் அவருக்கும் மனசு கொஞ்சம் லேசாகும், அத்தைக்கும் திருப்தி. அத்தை நளன் கதை சொல்வார், கேளுங்கள். சூதாட்டத்தில் நாட்டைத் தோற்ற நளன், தேரோட்டியாக வேலைக்கு நின்ற இடத்தில் இருதுபர்ண ராஜா ஒரு தான்றி மரத்தின் இலையையும் காயையும் ஓடுகிற தேரிலிருந்தே எண்ணிச் சொல்கிறான். தேரை நிறுத்தி இறங்கி எண்ணிப் பார்த்து, அந்த வித்தையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான் நளன். மகாபாரதத்தில், வித்தை கைக்கு வந்த அந்த இடத்தில்தான் அவனைப் பிடித்திருந்த கலி அவன் உடம்பை விட்டு வெளியேறுகிறது. தோற்றது எதில் என்று கணக்குப் புரிந்த பிறகு! எனக்குப் பிடித்த இடம் இது.

சரி, பணம். தவணை தேதி மாதம் ஐந்து என்றால், உங்கள் கடைக்குக் காசு வருவது பத்துக்கு மேல்தான் இருக்கும். கடன் கொடுத்தவர்களிடம் நேரில் போய், கை உடைந்ததற்கான டாக்டர் சீட்டைக் காட்டி, தேதியைத் தள்ளிக் கேளுங்கள். எழுத்தில் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பவுன்ஸுக்கும் வங்கி ஒரு பக்கம் பிடிக்கும், கடன் நிறுவனம் இன்னொரு பக்கம் பிடிக்கும். அடுத்த அடி அங்கிருந்துதான் வரும், அதனால் அங்கே முதலில் அணை போடுங்கள். பழைய டிவியை இப்போது ரிப்பேர் செய்ய வேண்டாம், கிடக்கட்டும்.

கட்டுப் பிரித்த கையோடு அவர் நேராக மெஷினில் போய் உட்காரப் பார்ப்பார், விடாதீர்கள். மணிக்கட்டு விறைத்திருக்கும். மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. அங்கே காட்டி, கைப்பயிற்சி கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை அளவெடுப்பதும் வெட்டுவதற்குக் கோடு போட்டுக் கொடுப்பதுமாக அவர் இருக்கட்டும், பீஸ் ரேட்டுக்கு ஓர் ஆளைத் தைக்கச் சொல்லலாம். லாபம் பாதிதான் நிற்கும், ஆனால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் பழகிவிட மாட்டார்கள். தூங்காத ராத்திரிக்கு மறுநாள் அவர் பைக்கைத் தொடக் கூடாது. டவுன் பஸ்ஸில் போகட்டும்.

பர்ஸ் போனதற்கு மட்டும் எந்தக் காரணமும் தேடாதீர்கள். திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் அந்த நெரிசலில் ஏறி இறங்குகிறவர்களுக்கு எப்போதாவது நடப்பதுதான். ஏடிஎம் கார்டை இன்னும் பிளாக் செய்யவில்லை என்றால் இதை மூடி வைத்துவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். ஆதார் போயிருந்தால் இ-சேவை மையத்தில் மறுபிரதி எடுத்துக்கொள்ளலாம்.