நம்ம ஊர் மாதிரிதானே இருக்கும் என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தஞ்சாவூரிலிருந்து ஒன்றரை வருட வேலைக்கு ஜனவரியில் திருகோணமலை வருகிறீர்கள். வாடகை எவ்வளவு, இன்டர்நெட் எப்படி, சைவச் சாப்பாடு கிடைக்குமா, சிங்களம் படிக்க வேண்டுமா, போர் நடந்த இடங்களைச் சுற்றிப் பார்க்கலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் "எல்லாரும் தமிழ்தானே, நம்ம ஊர் மாதிரிதானே இருக்கும்?" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். வாடகையும் இன்டர்நெட்டும் உங்கள் அலுவலகத்தில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

நானும் அதே நினைப்போடுதான் வந்தேன். 2012 நவம்பர். எனக்கு நாகப்பட்டினம். கணக்கு வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். கொழும்புக் கோட்டையில் இரவு ரயில் ஏறி, விடியும் நேரத்தில் திருகோணமலையில் இறங்கினேன். வாடைக்காற்றும் மழையும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. அழைத்துப் போக ஆள் வரும் என்று நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள். யாரும் வரவில்லை. என் இந்திய சிம் வேலை செய்யவில்லை. இரண்டு மணி நேரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் கடல் இரைவது கேட்டது. நாகையில் கேட்கிற அதே இரைச்சல்தான், ஆனால் அன்றைக்கு அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஒரு ஆட்டோக்காரர் வந்து "தம்பி, ஆருக்குப் பாத்துக்கொண்டு இருக்கிறீங்க?" என்றார். கிண்ணியாக்காரர், முஸ்லிம். என்னைக் கடைக்குக் கூட்டிப்போய்ப் பாலில்லாத பிளேன்டீயும், பாண் என்று இங்கே சொல்கிற ரொட்டியும், தேங்காய்ச் சம்பலும் வாங்கிக் கொடுத்தார். தன் போனிலிருந்து மேனேஜருக்கு அழைத்து, எனக்காகச் சிங்களத்தில் சண்டை போட்டார். சாப்பாட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் மனிதர் அவர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகமும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிற ஊர் இது என்பதைக் கடையில் உட்கார்ந்த அந்தக் கால்மணி நேரத்திலேயே கண்டேன். சிங்களம் படிக்க வேண்டுமா என்று கேட்டீர்களே, படியுங்கள். ஊருக்குள் தமிழிலேயே காலம் தள்ளலாம். ஆனால் கொழும்பு பஸ்ஸிலும், வழியில் யாராவது மறித்து விசாரிக்கும்போதும், அலுவலகத்தில் கூட வேலை செய்பவரின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எப்படி இருக்கிறது என்று கேட்கவும் சிங்களம் வேண்டும். ஒரு வருடத்தில் பேசும் அளவுக்கு வந்துவிடும். எனக்கு வந்தது.

சரி, தமிழுக்கு வருகிறேன். மொழி ஒன்று என்பதாலேயே இங்கே தப்பு செய்வது சுலபம். பாரிஸுக்குப் போகிறவன் வாயைத் திறக்க யோசிப்பான். நாம் யோசிப்பதே இல்லை. நான் வந்து இரண்டாவது மாதம், வீட்டுக்கார அம்மாவிடம் சாதாரணமாக, "காலையில் உங்கள் மகனிடம் பேசினேன்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "என்ட மகன் என்ன செய்தவன்?" என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் உள்ளே போய்ப் பையனை அதட்டி, எனக்கு முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தார். பையனுக்குப் பதினான்கு வயது. கண்ணெல்லாம் தண்ணீர். இங்கே பேசுவது என்றால் ஏசுவது, திட்டுவது. உரையாடுவதற்குக் கதைப்பது என்று சொல்ல வேண்டும். ஒன்றும் செய்யாத பிள்ளை என் ஒரு சொல்லால் அழுதான் என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான்.

சாவி இங்கே திறப்பு. வேர்க்கடலை கச்சான். காய்கறி மரக்கறி. கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம். இவை ஒரு வாரத்தில் வந்துவிடும். தொனி வருவதற்குத்தான் நாளாகும். நாம் எடுத்தவுடன் சத்தமாகக் கேட்போம், நடுவில் புகுந்து பேசுவோம், முதல் நாளிலேயே சம்பளம் எவ்வளவு என்போம். இங்கே அது முரட்டுத்தனமாகத் தெரியும். இன்னொன்று, "நீங்க எவ்வளவு அழகான தமிழ் பேசுறீங்க" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். வருகிற ஒவ்வொருவரும் அதைச் சொல்கிறார்கள். தங்கள் வீட்டுப் பேச்சை ஒருவர் வந்து மேடைப் பாட்டு மாதிரி ரசித்தால் அவர்களுக்கு என்ன சொல்வது என்றே தெரிவதில்லை.

போர் நடந்த இடங்களைப் பார்க்கலாமா என்ற கேள்வி எனக்கு வருத்தமாக இருந்தது. நீங்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தெரியும். என்னோடு வேலை செய்த நம் ஊர்க்காரர் ஒருவரும் கெட்டவர் இல்லை. ஒருநாள் தேநீர்க் கடையில் பக்கத்தில் இருந்த பெரியவரிடம், "உங்க வீட்ல யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டார். அந்தப் பெரியவர் பதில் சொல்லவில்லை. பாதித் தேத்தண்ணியை மேசையிலேயே விட்டு எழுந்து போனார். கடைக்காரர் வந்து கோப்பையை எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகும் நம் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மூன்று நாள் கோணேசர் கோயிலும் கடற்கரையும் பார்த்துவிட்டு, இவர்கள் என்ன செய்திருக்க வேண்டும், இனி என்ன செய்ய வேண்டும் என்று இவர்களுக்கே சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டுகிறவர்கள் மரியாதைக்காகத்தான் தலையாட்டுகிறார்கள்.

நீங்கள் கேட்காதீர்கள். அவர்களாகச் சொல்லும் நாள் வரும். வராமலும் போகலாம். எங்கள் வீட்டுக்கார அம்மா மூன்று வருடம் எதுவும் சொன்னதில்லை. 2015 டிசம்பர் 26 அன்று விடியற்காலை வாசலில் ஒரு விளக்கு வைத்திருந்தார். நான் அக்கரைப்பேட்டையில் என் சித்தப்பா மகள் போன நாள் அது என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய தங்கையும் அன்றைக்குத்தான் நிலாவெளியில் போனாராம். 2004இல் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே தண்ணீர்தான் இரண்டு கரைக்கும் ஏறியது. அதுவரை என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர், அன்றிலிருந்து மகன் என்றுதான் கூப்பிடுகிறார். தங்கையைப் பற்றிச் சொன்ன பிறகு, வேறு சில வருடங்களைப் பற்றியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவற்றை நான் எங்கும் எழுத மாட்டேன்.

நாகப்பட்டினம் என்று சொன்னால் மீன் சந்தையில் முகம் சுளிப்பவர்களும் உண்டு. நம் பக்கத்து இழுவைப் படகுகள் வந்து கடலின் அடியை வழித்துக்கொண்டு போவதை இங்கே உள்ள மீனவர்கள் எவ்வளவு வேதனையோடு சொல்கிறார்கள் என்று நேரில் கேட்டால்தான் தெரியும். 2017இல் இலங்கை இழுவை மடி முறையைச் சட்டம் போட்டே தடை செய்தது. நம் ஊரில் இருந்தவரை எனக்கு ஒரு பக்கக் கதைதான் தெரியும்: நம் மீனவர் பிடிபடுகிறார், படகு போகிறது, குடும்பம் தவிக்கிறது. அதுவும் உண்மை. அறுந்து போன வலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எனக்கு முன்னால் நின்றபோது, அதுவும் தமிழ்க் குடும்பத்தின் வயிறுதான் என்று புரிந்தது. உங்களிடமும் கேட்பார்கள். வாதாடாமல் காது கொடுங்கள்.

அடுத்து, எச்சரிக்கை என்று ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் நிறுவனம் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்த விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. வேலை செய்து தங்குவதற்கான வதிவிட விசாவுக்கான ஏற்பாடு கையில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கடவுச்சீட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். விசா புதுப்பிக்கக் கொடுத்தால் எப்போது திரும்பி வரும் என்று விடாமல் கேளுங்கள்.

2014 ஆடி மாதம் என் அப்பா இறந்தார். என் கடவுச்சீட்டு அப்போது நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்தில் ஏதோ ஒரு மேசை இழுப்பறையில் கிடந்தது. புதுப்பிக்கக் கொடுத்து ஏழு வாரம் ஆகியும் விண்ணப்பத்தையே அவர்கள் அனுப்பவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பொறுப்பானவர் விடுமுறையில் இருந்தார். இழுப்பறைச் சாவியும் அவரிடம். திருகோணமலைக்கும் நாகப்பட்டினத்துக்கும் கடலில் கோடு போட்டால் 300 கிலோமீட்டர்கூட வராது. அந்தத் தூரத்துக்கு நான் கொழும்பு போய், அங்கே காத்துக் கிடந்து, திருச்சிக்கு விமானம் ஏறி, பஸ் பிடித்து வீட்டு வாசலில் இறங்கும்போது மூன்றாவது நாள். எல்லாம் முடிந்து வீடு கழுவிவிட்டிருந்தார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இப்போது நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விடுகிறார்கள், 2023 அக்டோபரில் தொடங்கியது. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள் என்றாலும், அதைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று நாள்தான் ஞாபகம் வரும்.

பத்து நாளுக்கு மேல் லீவு இல்லை என்றதால் திரும்பி வந்தேன். முப்பத்தோராம் நாள் அன்று வீட்டுக்கார அம்மா என்னைக் கன்னியாவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தண்ணீரின் சூடு வேறு வேறு. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் கழித்த இடம் என்பது ஐதீகம். இறந்தவர்களுக்காக இங்குள்ள சைவர்கள் போகிற இடமும் அதுதான். ஏழிலும் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டேன். அவருடைய தம்பி துண்டோடு நின்றார். நான் யார் அவர்களுக்கு? மாத வாடகை கொடுக்கிற வெளிநாட்டுக்காரன்.

நம் ஆட்கள் பலர் அந்த நெருக்கத்துக்கு வந்துசேர்வதே இல்லை. நாலைந்து பேர் ஒரே வீடு எடுத்து, நம் ஊர் அரிசி, நம் ஊர் சீரியல், சனிக்கிழமை இரவு சம்பளத்தை இந்திய ரூபாயில் பெருக்கி வகுத்துப் பார்ப்பது என்று இரண்டு வருடத்தைக் கழிக்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஒருவேளை சோறு தின்றிருக்க மாட்டார்கள். ஊருக்குப் போய், "அங்கே ஒன்றுமே இல்லை" என்பார்கள். எனக்கு அது கோபமாகவே வரும்.

அப்படிச் சொல்கிற நானும் முதல் இரண்டு வருடம் கட்டில் வாங்கவில்லை. போகப் போகிறவனுக்கு எதற்கு என்று பாயும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் மட்டும் வைத்திருந்தேன். சூட்கேஸிலேயே சட்டை. தற்காலிகமாக வந்தவன் என்ற எண்ணம் ஒவ்வொரு நாளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். மாலையில் டச்சுக் குடாக் கடற்கரையில் ஊரே வந்து உட்கார்ந்திருக்கும், கோட்டைக்குள் புள்ளிமான்கள் ரோட்டை மறித்து நிற்கும். இரண்டையும் பார்க்காமல் அறைக்குள் நாள்காட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தேன். கன்னியாவிலிருந்து வந்த வாரம்தான் கட்டில் வாங்கினேன். இன்றைக்கும் வருடா வருடம் விசா புதுப்பிக்கிறவன்தான். கொல்லையில் நான் நட்ட முருங்கை மூன்றாவது தடவை வெட்டித் தளிர்த்து நிற்கிறது.

2022இல் பெட்ரோலுக்கு இரவெல்லாம் வரிசை, சமையல் எரிவாயு கிடையாது, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு. என்னோடு இருந்த இந்தியர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, பிள்ளைகள் உள்ளவர்கள். நானும் வீட்டுக்கார அம்மாவும் கொல்லையில் மூன்று கல் வைத்து விறகில் சமைத்தோம். பாண் விலை ஏறிக்கொண்டே போனபோது மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சம்பலோடு தின்றோம். "நீ ஏன் மகன் போகேல்ல?" என்று ஒருநாள் கேட்டார். அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை.

சாப்பாடு கேட்டீர்கள். சைவக் கடைகள் இருக்கின்றன, வெள்ளிக்கிழமைகளில் இந்துத் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் மரக்கறிதான். மற்றக் கடைகளில் சம்பல் எடுக்கும் முன் மாசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள், அது மீன். மண் முட்டியில் வருகிற எருமைத் தயிரை விடாதீர்கள். இட்லி அரிசி சுமந்து வர வேண்டாம், இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் பழகிக்கொள்ளுங்கள். பௌர்ணமி தோறும் போயா விடுமுறை, வங்கி வேலை இருந்தால் முந்தின நாளே முடித்துவிடுங்கள். ஜனவரியில் மழை முற்றாக விட்டிருக்காது, குடை கையிலேயே இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம்.

இரவு ரயிலில்தான் வருவீர்கள் என்று நினைக்கிறேன். தேதியை எழுதுங்கள், ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்கிறேன். அந்த ஆட்டோக்காரரையும் கூட்டி வருவேன், இப்போதும் அதே வண்டிதான் ஓட்டுகிறார்.