கிரீஸ் இருந்தும் முறியும் பற்கள்

கேள்வி: எஃகு பினியனுடன் (சிறிய பல்சக்கரம்) அசிட்டால் என்ற பிளாஸ்டிக்கால் ஆன கியர் ஓடுகிறது. வேகத்தை நிமிடத்துக்கு 500 சுற்றிலிருந்து 1,000 சுற்றாக உயர்த்திய பிறகு, கிரீஸ் தாராளமாகப் பூசியும் அரை மணி நேரத்தில் சூடேறி, பல் அடியோடு முறிகிறது. கிரீஸ் சரியில்லையா?

பதில்: கிரீஸ் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. வி.டி.ஐ. 2736 என்ற ஜெர்மானிய வழிகாட்டியின்படி, பூட்டும்போது ஒருமுறை மசகிட்ட கியருக்கு உராய்வுக் கெழு (உராய்வின் அளவைக் காட்டும் எண்) 0.09, தொடர்ந்து எண்ணெய் கிடைத்தால் 0.04. மசகே இல்லாவிட்டால் 0.2 அளவுக்குப் போகும். ஆனால் அதே முறுக்குவிசையில் வேகம் இரட்டித்தால், உராய்வுக் கெழு மாறாவிட்டாலும் பிறக்கும் வெப்பம் இரட்டிக்கும். அது வெளியேற வழி இல்லை என்பதுதான் உங்கள் சிக்கல். எஃகின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர் கெல்வினுக்குச் சுமார் 50 வாட், அசிட்டாலுக்கு 0.3. ஓடும் எண்ணெய் சூட்டை அள்ளிச் செல்லும். கிரீஸோ பல்லின் ஓரத்துக்கு ஒதுங்கி அங்கேயே தங்கிவிடும்.

80 டிகிரி செல்சியஸில் அசிட்டாலின் வலிமை, அறை வெப்பநிலையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். சூடான பல் கூடுதலாக வளையும். அடுத்த பல் உரிய நேரத்துக்கு முன்பே இடிக்கும். அதனால் இன்னும் சூடேறும். உருகுநிலை 165 டிகிரிக்கு மேல் என்று நம்பியிருக்கக் கூடாது. அதற்கு வெகு முன்பே பல்லின் வேர், அதாவது அடிப்பகுதி, முறிந்துவிடும்.

முதலில் அளந்து பாருங்கள். அகச்சிவப்பு வெப்பமானியில் உமிழ்திறனை (பரப்பு வெப்பக் கதிரை வெளிவிடும் திறன்) 0.95 என வைத்து, பிளாஸ்டிக் பல்லையே குறிபாருங்கள். பளபளக்கும் எஃகைக் குறிபார்த்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து, ஏற்றம் நிற்கும்வரை ஓட்டுங்கள். 80 டிகிரியைத் தாண்டினால் வேகத்தையோ சுமையையோ குறையுங்கள், அல்லது எண்ணெய்க்கு மாறுங்கள். மூடிய பெட்டியில் காற்றோட்டம் கொடுத்தாலும் பலன் தெரியும்.

பல்லிடை வெளியையும் பாருங்கள். 60 மி.மீ. விட்டமுள்ள அசிட்டால் கியர் 40 டிகிரி சூடேறினால் விட்டம் சுமார் 0.26 மி.மீ. பெருகும். குளிர்ந்த நிலையில் இறுக்கமாகப் பூட்டியிருந்தால், ஓட்டத்தில் பற்கள் ஒன்றையொன்று நெருக்கும்.

கேள்வி: எண்ணெய் சூடான பிறகு மோட்டார் இழுக்கும் மின்சாரம் குறைகிறது. நல்ல அறிகுறிதானே?

பதில்: பாதி நல்லது. பிளாஸ்டிக் மென்மையானது என்பதால் தொடுபரப்பு விரிகிறது, அழுத்தம் குறைகிறது. எஃகுப் பற்களுக்கிடையே நடப்பதுபோல எண்ணெய் அழுத்தத்தால் பெரிதாகக் கெட்டிப்படுவதில்லை. உராய்வு குறைவாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். மேலும் பிளாஸ்டிக் வெப்பத்தை அடைத்துவைப்பதால் எண்ணெய்ப் படலம் சூடாகி இளகுகிறது, இழுவை இன்னும் தளர்கிறது. நீங்கள் பார்ப்பது அதைத்தான். ஆனால் படலம் மெலிந்துகொண்டே போனால் எஃகின் கரடுமுரடு பிளாஸ்டிக்கைச் சுரண்டத் தொடங்கும், உராய்வு மறுபடி ஏறும். ஆகவே எஃகுப் பல்லை நன்றாக மெருகேற்றுங்கள். மின்சாரத்தை மட்டும் நம்பாமல், பல்லின் வெப்பத்தையும் கூடவே அளந்து வாருங்கள்.

கேள்வி: உயரழுத்தச் சேர்மானம் (மிகுந்த அழுத்தத்தில் பரப்பைக் காக்கக் கலக்கும் வேதிப்பொருள்) உள்ள எண்ணெய் நல்லதா?

பதில்: பிளாஸ்டிக் பல்லுக்கு அதனால் பயனில்லை. அந்தச் சேர்மானங்கள் சூடான இரும்புப் பரப்போடு வினைபுரிந்தே காப்புப் படலம் அமைக்கும். பாலிஆல்ஃபாஓலிஃபின் என்ற செயற்கை எண்ணெய் அடிப்படையிலான சாதாரண கிரீஸ் போதும். பெட்டி பாலிகார்பனேட், ஏ.பி.எஸ். ஆகிய பிளாஸ்டிக்குகளில் ஒன்றால் ஆனது என்றால் எஸ்டர் எண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள். பெட்டியில் தகைவு (பொருளுக்குள் இருக்கும் இறுக்கம்) உள்ள இடங்களில் வெடிப்பு விழும்.