புதிய இணைய நெறிமுறையை எப்படி எடைபோடுகிறார்கள்?

பெரிய கம்பெனி ஒன்று ஒரு நெறிமுறையை (கணினிகள் இணையத்தில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதிகளை) முன்வைத்தால் அது அப்படியே எல்லாருக்குமான தரநிலையாகிவிடுமா என்று கேட்கிறீர்கள். ஆகாது. இணையத்தில் தரவைக் கொண்டுசெல்லும் நெறிமுறையான க்விக்கையே (QUIC) பாருங்கள். கூகுள் அதைத் தன் குரோம் உலாவியில் ஓடவிட்ட பிறகே, இணையத் தரநிலைகளை உருவாக்கும் அமைப்பான ஐஇடிஎஃப்பிடம் (IETF) கொண்டுவந்தது. 2016-ல் அங்கே அதற்கென ஒரு பணிக்குழு அமைந்தது. க்விக்கின் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 9000 வந்தது 2021 மே மாதம். நடுவில் கூகுளின் சொந்த மறைகுறியாக்க முறையைக் கழற்றிவிட்டு, பொதுத் தரநிலையான டிஎல்எஸ் 1.3 மறைகுறியாக்கத்தை வைத்தார்கள்.

ஐஇடிஎஃப்பில் ஓட்டெடுப்பு கிடையாது. கூட்டத்தின் போக்கை அறிய 'ம்ம்ம்' என்று முனகச் சொல்வதுண்டு, கேலியில்லை! எத்தனை பேர் எதிர்க்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் சொல்லும் தொழில்நுட்பக் காரணத்துக்குப் பதில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். க்விக்கில் 'ஸ்பின் பிட்' என்ற ஒற்றை பிட்டுக்கே (0 அல்லது 1 என்ற ஓர் இலக்கத்துக்கே) நீண்ட சண்டை. தாமதத்தை அளக்க அது வேண்டும் என்றார்கள் நெட்வொர்க் நடத்துபவர்கள். அந்தரங்கம் கசியும் என்றார்கள் மற்றவர்கள். கடைசியில், விரும்பினால் பயன்படுத்தலாம், அப்போதும் சுமார் 16-ல் ஒரு பங்கு இணைப்புகளிலாவது அணைத்து வைக்க வேண்டும் என்று முடிந்தது.

அப்புறம், வெவ்வேறு குழுக்கள் தனித்தனியாக எழுதிய நிரல்களை ஒன்றோடொன்று பேசவிட்டுப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் இதுதான் உண்மையான பரீட்சை; வாசகத்தில் உள்ள குழப்பமெல்லாம் இங்கே வெளியே வந்துவிடும். பணிக்குழு ஒப்புக்கொண்டால், பொதுவில் இரண்டு வாரமாவது இறுதிக் கருத்துக் கேட்பு நடக்கும். பிறகு ஐஇடிஎஃப்பின் வழிநடத்தும் குழுவான ஐஇஎஸ்ஜி (IESG) பரிசீலிக்கும். அங்கேயும் ஓர் உறுப்பினர் ஆட்சேபித்தால், அது தீரும்வரை ஆவணம் நிற்கும்.