கறிக்கு ஒரு நேரம், பழத்துக்கு ஒரு நேரம்: போர்க்கை பழத்தோட மெதுவா வேக வைக்கறது எப்படி?

கேள்வி: இலையுதிர் காலம் வந்து குளிர ஆரம்பிச்சிடுச்சு, ராத்திரிக்கு சூடா, வயித்துக்கு இதமா ஏதாவது செய்யலாம்னு ஒன்றரை கிலோ போர்க் லாயின், நாலு ஆப்பிள், ஒரு பேரிக்காய், ரெண்டு கப் ஆப்பிள் ஜூஸ் எல்லாத்தையும் காலைல ஸ்லோ குக்கர்ல போட்டு லோ-ல எட்டு மணி நேரம் வெச்சேன். சாயங்காலம் மூடியைத் திறந்தா கறி நார் நாரா வறண்டு கிடக்கு, பழம் இருந்த இடமே தெரியல, கிரேவி தண்ணியா ஓடுது, இனிப்பு வேற தூக்கலா இருக்கு. எங்க தப்பு பண்ணேன்?

பதில்: நாலு புகார் சொல்லியிருக்கீங்க, நாலுக்கும் முக்கியமான வேர் ஒண்ணுதான், எல்லாத்தையும் ஒரே நேரத்துல உள்ள தள்ளிட்டீங்க. கறி மூணு மணி நேரம் நாலு மணி நேரம்னு கேக்கும், பழம் அரை மணி நேரத்துலயே போதும் விடுன்னு கெஞ்சும், ரெண்டையும் ஒரே சட்டில ஒரே நேரம் வெச்சா ஏதாவது ஒண்ணு நிச்சயமா கெடும். உங்க கேஸ்ல ரெண்டுமே கெட்டுடுச்சு, ஏன்னா நீங்க வாங்கின பீஸும் இந்த சமையலுக்கானது இல்ல.

பீஸ்ல இருந்து ஆரம்பிப்போம், பாதி ஜெயிக்கறதும் தோக்கறதும் கறிக்கடையிலயே முடிவாயிடும். லாயின்ங்கறது முதுகு ஓரமா இருக்கற கறி, பன்றி அந்தத் தசைய பெருசா வேலை வாங்கறதே இல்ல, அதனால அதுல ஜவ்வும் கம்மி, உள்கொழுப்பும் கம்மி. சீக்கிரம் வெந்து சீக்கிரம் இறக்க வேண்டிய கறி அது. எட்டு மணி நேரம் வெச்சா உள்ள இருக்கற தண்ணி நிறைய பிழிஞ்சு வெளிய வந்துடும், சுத்தி ரெண்டு லிட்டர் சாறு இருந்தாலும் கறி வறண்டுதான் இருக்கும். "தண்ணிலதானே கிடந்தது, எப்படி காஞ்சு போகும்"னு நிறைய பேர் கேக்கறாங்க, வெளிய இருக்கற தண்ணி உள்ள போறதில்லங்க, உள்ள இருக்கறதுதான் வெளிய வருது.

உங்களுக்கு வேணுங்கறது ஷோல்டர், அதாவது முன்னங்காலுக்கு மேல இருக்கற தோள்பட்டைக் கறி. நாள் பூரா உடம்பத் தாங்கி நடக்கற தசை, அதனால ஜவ்வு அதிகம், நடுநடுவுல கொழுப்பு கோடு கோடா ஓடும். இந்த ஜவ்வுலதான் கொலாஜன்ங்கற புரதம் இருக்கு, அது மெதுவான சூட்டுல நேரம் எடுத்து ஜெலட்டினா உருகும். கறிக்குள்ள சூடு 70 டிகிரி செல்சியஸ் தாண்டும்போது இது லேசா ஆரம்பிக்கும், 90 டிகிரி பக்கம் வந்தாதான் வேகம் பிடிக்கும். உருகின ஜெலட்டின் நாருக்கு நடுவுல பரவறதாலதான் கறி வழவழன்னு வாயில கரையுது. எலும்போட கிடைச்சா இன்னும் நல்லது. கடைக்காரர் கொழுப்ப சுத்தமா சீவித் தரேன்னு சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க, மேல இருக்கற தடிமனான கொழுப்புப் படலத்த மட்டும் எடுத்தா போதும்.

இங்க ஒரு குழப்பம் வரும். போர்க்கோட முழு பீஸ் நடுவுல 63 டிகிரி வந்து மூணு நிமிஷம் ஆறினா சாப்பிடப் பாதுகாப்பானதுன்னு அமெரிக்க விவசாயத் துறை 2011-லயே சொல்லிடுச்சு. ஆனா அது பாதுகாப்புக்கான கணக்கு, பதத்துக்கான கணக்கு இல்ல. லாயினுக்கு அந்த 63-65 அருமையா இருக்கும். ஷோல்டரை 65-ல இறக்கினா செருப்பு மாதிரி இழுக்கும், அதை 90-95 வரைக்கும் கூட்டிட்டுப் போகணும்.

சரி, செய்முறைக்கு வருவோம். ஒன்றரை கிலோ ஷோல்டர், உள்ளங்கை அளவுக்கு பெரிய பெரிய துண்டா, 5-6 செ.மீ இருக்கட்டும், சின்னதா வெட்டாதீங்க. முதல் நாள் ராத்திரியே 18 கிராம் உப்பு, அதாவது பொடி உப்புன்னா ஒரு டேபிள்ஸ்பூன், நல்லா தடவி மூடாம ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க. உப்பு உள்ள இறங்கும், மேல்பக்கம் காயும், அப்படி காயறது அடுத்த நாள் ரொம்ப உதவும், ஏன்னா ஈரமா இருக்கற கறி சட்டில செவக்காது, தண்ணி விட்டு அவிஞ்சுதான் போகும். மேல்பக்கம் 140 டிகிரி தாண்டினாதான் அந்த வறுத்த நிறமும் மணமும் வரும், ஈரம் இருக்கற வரைக்கும் சூடு 100-ஐ தாண்டாது.

அடி கனமான சட்டில எண்ணெய் விட்டு ஒரு தடவைக்கு நாலஞ்சு துண்டா போட்டு செவக்க விடுங்க. சட்டி நிறைய அடைச்சா வேலைக்கு ஆகாது. போட்டதும் ஒட்டிக்கும், பதறி சுரண்டாதீங்க, செவந்ததும் அதுவா விட்டுக்கொடுக்கும். நாலு பக்கமும் வேணும்னு இல்ல, ரெண்டு பக்கம் நல்ல காபிக்கொட்டை நிறம் வந்தா போதும். ஸ்லோ குக்கர்தானே, அப்படியே போட்டா என்னன்னு இந்த ஸ்டெப்பை விட்டுடறவங்க அதிகம், ஸ்லோ குக்கர் எத்தனை மணி நேரம் ஓடினாலும் அந்த நிறத்தையும் மணத்தையும் கொண்டு வராது, அதனால இதை மட்டும் விடாதீங்க.

கறிய எடுத்துட்டு அதே சட்டில ரெண்டு பெரிய வெங்காயம் நீளமா நறுக்கிப் போட்டு வதக்குங்க, நாலு பல் பூண்டு, ரெண்டு பிரிஞ்சி இலை, கொஞ்சம் தைம் இல்லன்னா சேஜ்ங்கற மூலிகை இலை, மிளகு. பட்டை ஒரு சின்னத் துண்டு போடலாம், பழத்தோட நல்லா சேரும், ஆனா கிராம்பு ஒண்ணுக்கு மேல வேணாம், மணி கணக்கா வேகும்போது அது மத்த எல்லாத்தையும் அமுக்கிடும்.

இப்பதான் முக்கியமான விஷயம். பழத்தை ரெண்டு தடவை போடணும். முதல் தடவை போடறது கரையறதுக்கு, ரெண்டாவது தடவை போடறது சாப்பிடறதுக்கு. முதல்ல ஒரே ஒரு புளிப்பு ஆப்பிளை தோல் சீவி பொடியா நறுக்கி வெங்காயத்தோட சேர்த்திடுங்க, அது முழுசா கரைஞ்சு கிரேவிக்கு உடம்பு கொடுக்கும். ப்ராம்லி, மேக்கின்டாஷ் மாதிரி குழைஞ்சு போற வகை இதுக்கு தோதா இருக்கும். பழம் எங்க போச்சுன்னு தேடினீங்களே, இந்த ஆப்பிள் காணாம போகறதுதான் அதோட வேலை.

சக்கரை சேர்க்காத ஆப்பிள் ஜூஸ் ஒரு டம்ளர், 200 மிலி, அதே அளவு ஸ்டாக் (எலும்போ காயோ வேக வெச்சு வடிச்ச சாறு) இல்லன்னா தண்ணி விட்டு அடில ஒட்டியிருக்கற செவப்பையெல்லாம் மரக்கரண்டியால சுரண்டி கரைச்சு விடுங்க, ருசி அங்கதான் ஒளிஞ்சிருக்கு. கறிய திருப்பி வெச்சு, மூடி போட்டு, 150 டிகிரி அவன்ல ரெண்டரைல இருந்து மூணு மணி நேரம். அவன் இல்லன்னா அடுப்புல ரொம்ப சிம்ல வைங்க, ரெண்டு மூணு செகண்டுக்கு ஒரு குமிழி மெல்ல எழும்பி உடையணும், அவ்ளோதான். தளதளன்னு கொதிச்சா நார் இறுகிடும்.

ஒன்றரை மணி நேரம் கழிச்சு ஆர்வம் தாங்காம எல்லாரும் ஒரு தடவை குத்திப் பாப்பாங்க. கறி கல்லு மாதிரி இருக்கும். போச்சு, கெட்டுடுச்சுன்னு நினைச்சு சிலர் தீயைக் கூட்டுவாங்க, சிலர் தண்ணிய ஊத்துவாங்க. ரெண்டும் வேணாம். அந்த நேரத்துல நார் சுருங்கி இறுகியிருக்கும், ஜவ்வு இன்னும் உருகியிருக்காது, அதனால கறி அதோட முழு முரட்டுத்தனத்துலயும் இருக்கற கட்டம் அது. மூடிய மூடிட்டு வேற வேலையப் பாருங்க. இன்னொரு மணி நேரம் கழிச்சு ஃபோர்க்கை உள்ள விட்டு லேசா திருகுங்க, தடுக்காம திரும்பினா ரெடி. கடிகாரத்தை விட அந்த ஃபோர்க்கை நம்புங்க, ஒரே அளவு பீஸ்ல கூட ஒண்ணு முன்ன வேகும், ஒண்ணு பின்ன வேகும்.

கறி அப்படி இளகின பிறகுதான் ரெண்டாவது பழம். குழையாத ஆப்பிள் வகை, ப்ரேபர்னோ கோல்டன் டெலிஷியஸோ, ஒவ்வொண்ணையும் எட்டு துண்டாக்கி தோலோடவே வெச்சுக்கோங்க, தோல்தான் வடிவத்தப் பிடிச்சு நிறுத்தும். தனியா ஒரு தவாவுல வெண்ணெய் போட்டு ரெண்டு பக்கமும் பொன்னிறமா வாட்டி, கறி மேல பரப்பி, மூடிய எடுத்துட்டு 20-25 நிமிஷம். பேரிக்காய்னா கெட்டியா இருக்கும்போதே போடுங்க, பழுத்தது அஞ்சு நிமிஷத்துல விழுந்துடும். பிளம்ஸுக்கு 15 நிமிஷம் போதும், கறுப்பு திராட்சைக்கு பத்தே நிமிஷம், தோல் வெடிச்சா இறக்கிடலாம். ப்ரூன்ஸ்னு சொல்ற உலர்ந்த பிளம்ஸ் மட்டும் பொறுமைசாலி, கடைசி முக்கால் மணி நேரத்துல போட்டா சாறெல்லாம் குடிச்சு உப்பி வரும், என்னைக் கேட்டா போர்க்குக்கு ஆப்பிளை விட இதான் நல்ல ஜோடி. க்வின்ஸ்ங்கற, ஆப்பிள், பேரிக்காய்க்கு சொந்தக்காரப் பழம் கிடைச்சா அதுக்கு மட்டும் விதியே வேற, பச்சையா கடிக்கவே முடியாத அளவுக்கு கெட்டியும் துவர்ப்புமா இருக்கும், அதை கறி கூடவே ரெண்டு மணி நேரம் முன்னாடி போட்டாலும் தாங்கும், வேக வேக ரோஸ் நிறத்துக்கு மாறும், பாக்கவே அழகு.

அன்னாசி ஆசை இருந்தா ஒரு எச்சரிக்கை. நான் சமைக்க ஆரம்பிச்ச புதுசுல பச்சை அன்னாசிய அரைச்சு போர்க்ல தடவி ராத்திரி பூரா ஊற வெச்சேன், காலைல தொட்டா கறியோட மேல்பக்கம் பசை மாதிரி விரல்ல வந்துச்சு. பச்சை அன்னாசில ப்ரோமலைன்னு ஒரு என்சைம் இருக்கு, புரதத்த அறுத்துத் தள்ளிடும், பப்பாளி, கிவி, அத்தில கூட இதே மாதிரி சமாச்சாரம் உண்டு. ஊற வைக்க வேணாம், கடைசில போட்டு கொதிக்க விட்டா சூட்டுல அது செத்துடும், டின்ல வர்ற அன்னாசில அந்தப் பிரச்சினையே இல்ல.

ஸ்லோ குக்கரை விட மனசில்லன்னா தாராளமா பண்ணுங்க, ஷோல்டருக்கு லோ-ல 8 மணி நேரம், ஹை-ல 5 மணி நேரம் சுமாரா வரும். ஆனா செவக்க விடறதும் வெங்காயம் வதக்கறதும் வெளிய சட்டில முடிச்சுட்டு போடுங்க, ஜூஸும் ஸ்டாக்கும் சேர்த்தே ஒரு கப் போதும். அந்த மூடில இருந்து ஆவி பெருசா வெளிய போறதில்ல, கறியும் வெங்காயமும் விடற சாறு பெரும்பாலும் உள்ளயே நிக்கும், நீங்க ரெண்டு கப் ஜூஸ் ஊத்தி அஞ்சு பழத்தையும் போட்டப்போ தண்ணியா இனிப்பா ஆனதுக்கு காரணம் அதான். நடுவுல திறந்து திறந்து பாக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் சூடு இறங்கி திரும்ப ஏற நேரம் எடுக்கும். ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கட்டிக் கறிய நேரா போடவும் கூடாது, அது மெல்ல மெல்ல சூடாகற வரைக்கும் கிருமி வளர இடம் கொடுக்கும். வாட்டின பழத்த கடைசி அரை மணி நேரத்துல ஹை-ல போட்டா போதும். பிரஷர் குக்கர்னா ஆவி வந்ததும் சிம்ல 45 நிமிஷம், தானா அடங்க விடணும், பழம் திறந்த பிறகு தனியா. இனிப்பான சாறு குக்கர்ல அடிபிடிக்கும், கவனம்.

இப்ப கிரேவி. கறியையும் பழத்தையும் அலுங்காம ஒரு தட்டுல எடுத்து மூடி வைங்க. சாறை அஞ்சு நிமிஷம் அப்படியே விட்டா கொழுப்பு மேல மிதக்கும், கரண்டியால வழிச்சு எடுத்துட்டு அகலமான பாத்திரத்துல பாதியாகற வரைக்கும் சுண்ட வைங்க. ஷோல்டர்ல இருந்து வந்த ஜெலட்டின் இருக்கறதால மாவு எதுவும் கரைச்சு விடாமலே கரண்டில ஒட்டற பதம் வந்துடும். கறில தடவின உப்புக்கு மேல முன்னாடியே உப்பு போட்டுடாதீங்க, சுண்டினா உப்பும் ஏறும். அடுப்ப அணைச்சதும் ரெண்டு டீஸ்பூன் ஆப்பிள் சைடர் வினிகர், ஒரு டேபிள்ஸ்பூன் கடுகு பேஸ்ட், கலக்கி ருசி பாருங்க. இதான் உங்க இனிப்புப் புகாருக்கு மருந்து. பழத்தோட புளிப்பு அந்தக் கொழுப்பை வெட்டறதாலதான் இந்த ஜோடியே ருசிக்குது, கடைசில ஒரு சொட்டு புளிப்பு சேர்த்து அதை எழுப்பி விடணும். அப்பவும் இனிப்பு தூக்கலா தெரிஞ்சா இன்னொரு ஸ்பூன் வினிகர், கொஞ்சம் மிளகு, தண்ணி மட்டும் வேணாம்.

வீட்ல லாயின்தான் இருக்கு, ஷோல்டர் கிடைக்கலன்னா என்ன பண்றது? அதை வேக வைக்காதீங்க, முழுசா செவக்க வாட்டி 160 டிகிரி அவன்ல வெச்சு நடுவுல தெர்மாமீட்டர் 62-63 காட்டினதும் எடுத்து பத்து நிமிஷம் ஆற விட்டு வெட்டுங்க. அந்த நேரத்துல வெங்காயம், ஆப்பிள், ஸ்டாக் வெச்சு மேல சொன்ன கிரேவிய தனியா செஞ்சு மேல ஊத்திக்கலாம். ஷோல்டர் மாதிரி வழவழன்னு இருக்காது, ஆனா வறட்டுக் கறிக்கு எவ்வளவோ மேல்.

இன்னும் ஒண்ணு, முடிஞ்சா முதல் நாளே செஞ்சிடுங்க. ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கறதுதான் கஷ்டம்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன். ரெண்டாவது பழத்த மட்டும் போடாம கறிய சாறோட அகலமான பாத்திரத்துல பரப்பி ஆற விட்டு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வைங்க. காலைல கொழுப்பு மேல வெள்ளையா கெட்டிப்பட்டு நிக்கும், அப்படியே தட்டு மாதிரி தூக்கி எடுத்துடலாம், கீழ சாறு ஜெல்லி மாதிரி ஆடினா சரியான பீஸ்தான் வாங்கியிருக்கீங்கன்னு அர்த்தம். சாயங்காலம் மெல்ல சூடு பண்ணி, ஆப்பிளை வாட்டிப் போட்டு, மசிச்ச உருளைக்கிழங்கோ பிரெட்டோ பக்கத்துல வெச்சுக்கோங்க. மிச்சம் ஆனா ஃப்ரிட்ஜ்ல மூணு நாலு நாள் தாங்கும், ஃப்ரீசர்ல வைக்கறதா இருந்தா பழத்தை எடுத்துட்டு வைங்க, உருகும்போது அது சொதசொதன்னு ஆயிடும்.