ஃப்ளஷ் தண்ணீர் நாறுகிறதா? ஓசோனுக்கு முன் மூன்று பாட்டில்

கேள்வி: மேடவாக்கத்தில் 110 வீடுகள் கொண்ட அடுக்ககம் எங்களுடையது. எஸ்டிபியில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) சுத்திகரித்த தண்ணீர்தான் ஃப்ளஷ் டேங்குகளுக்கு வருகிறது. சில மாதங்களாக அழுகிய முட்டை வாடை. ஓசோன் கருவி வைக்க வேண்டும், மாதாமாதம் பாக்டீரியா பவுடர் போட வேண்டும் என்கிறார் பராமரிப்பு கான்ட்ராக்டர். சம்மதிக்கலாமா? – சங்கச் செயலாளர்

பதில்: இரண்டுக்கும் இப்போது தலையாட்டாதீர்கள். அந்த வாடை வந்தால் எங்கோ தண்ணீருக்குக் காற்று கிடைக்கவில்லை என்று அர்த்தம். இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

மூன்று பாட்டில்களில் தண்ணீர் பிடியுங்கள்: சேறு படியும் செட்டிலிங் டேங்கிலிருந்து வழிவது, கார்பன் ஃபில்டரைத் தாண்டியது, மொட்டைமாடித் தொட்டியில் இருப்பது. முகர்ந்து பாருங்கள். முதல் பாட்டிலே நாறினால் கோளாறு காற்றூட்டும் தொட்டியில். இரண்டாவதில் தொடங்கினால் ஃபில்டரை பேக்வாஷ் (தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவுவது) செய்யவில்லை. மூன்றாவது மட்டும் என்றால் குளோரின் போதவில்லை, அல்லது தண்ணீர் நாள்கணக்கில் தேங்குகிறது.

பெரும்பாலும் முதலாவதுதான். கரண்ட் பில் குறையட்டும் என்று ராத்திரியில் காற்றடிக்கும் புளோயரை அணைத்துவிடுகிறார்கள். கழிவைத் தின்னும் பாக்டீரியா காற்றில்லாமல் செத்து அழுகுகிறது. காற்றூட்டும் தொட்டித் தண்ணீர் காபி நிறத்தில் இருக்க வேண்டும். கறுத்திருந்தால் காற்றுப் பஞ்சம். குமிழிகள் தொட்டி முழுக்கப் பொடிப்பொடியாக வர வேண்டும். ஒரே இடத்தில் உலைபோல் பொங்கினால் அடியில் காற்றைக் குமிழிகளாக்கும் டிஃபியூசர் ரப்பர் கிழிந்திருக்கிறது. அதை மாற்ற யாரையும் தொட்டிக்குள் இறங்க விடாதீர்கள். விஷவாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

அதே தொட்டித் தண்ணீரை ஒரு லிட்டர் அளவு ஜாடியில் 30 நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் படியும் சேறு 250 முதல் 400 மில்லி இருந்தால் சரி. 100க்குக் கீழே என்றால் பாக்டீரியா போதாது. 700ஐத் தாண்டினால் பெரும்பாலும் சேற்றை வெளியே எடுக்கவே இல்லை. சேற்றைப் பிழியும் ஃபில்டர் பிரஸ் துணியும் ஆள்கூலியும் கான்ட்ராக்டருக்குச் செலவாயிற்றே! பவுடர் வியாபாரத்தை நம்பாதீர்கள். கழிவுநீரிலேயே பாக்டீரியா கோடிக்கணக்கில் வருகிறது. போதாவிட்டால், நன்றாக ஓடும் பக்கத்து எஸ்டிபியிலிருந்து ஒரு டேங்கர் சேறு வாங்கி ஊற்றுங்கள்.

குளோரின் கணக்கு எளிது. 440 பேர், ஆளுக்கு 45 லிட்டர் என்றால் ஃப்ளஷுக்கு நாளைக்குச் சுமார் 20,000 லிட்டர். 10 சதவீத ஹைப்போ (திரவக் குளோரின்) ஒரு லிட்டர் போதும். கலந்து அரைமணி நேரம் நிற்க வேண்டும். வெயிலில் கிடந்த பழைய கேனில் வீரியம் இருக்காது.

கான்ட்ராக்டர் ஆய்வக அறிக்கையைக் காட்டினால் மயங்காதீர்கள். சாம்பிளை அவரே பிடித்தால் நல்ல தண்ணீர் கலக்க எவ்வளவு நேரம்? நீங்கள் பிடித்து அனுப்புங்கள். காகிதம் வந்துவிட்டதா என்று பார்க்கும் அதிகாரிகள் மூடியைத் திறந்து தொட்டியைப் பார்ப்பதில்லை. இது மாறாதவரை நீங்கள்தான் பார்த்தாக வேண்டும்.

ஃப்ளஷுக்கு இந்தத் தண்ணீர் சரி. ஹெல்த் ஃபாசெட்டுக்கு (கழிவறையில் கழுவப் பயன்படும் கைக்குழாய்) இல்லை. உடம்பில் படும் தண்ணீர் அது. குழந்தைகள் அதிலேயே கையும் கழுவும். ஆனால் ஃப்ளஷ் லைன் பக்கத்திலேயே ஓடுவதால், குளியலறையைப் புதுப்பிக்க வரும் பிளம்பர் அதிலேயே ஒரு ‘டீ’ (T வடிவ இணைப்பு) போட்டு ஃபாசெட்டை மாட்டிவிடுகிறார். பார்க்க வித்தியாசம் தெரியாது. கண்டுபிடிக்க, மொட்டைமாடியில் ஃப்ளஷ் லைன் வால்வை மூடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஃப்ளஷ் டேங்க் நிரம்புவது நிற்கும்வரை ஃப்ளஷ் செய்யுங்கள். பிறகு ஃபாசெட்டை இரண்டு நிமிடம் அழுத்துங்கள். எந்த வீட்டில் தண்ணீர் நின்றுபோகிறதோ, அங்கே அன்றைக்கே இணைப்பை மாற்றுங்கள்.