மனு போட்டுக் காத்திருக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 29. பட்டதாரி, தனியார் நிறுவனத்தில் வேலை. அப்பாவின் நோய், தங்கைகளின் படிப்பு என்று ராணுவ ஆசையைத் தள்ளிப்போட்டுவிட்டேன். இப்போதும் 1600 மீட்டரை ஐந்தே முக்கால் நிமிடத்தில் ஓடுகிறேன். வயது வரம்பைத் தளர்த்தக் கேட்டு மூன்று மனு அனுப்பினேன், பதில் இல்லை. 2022இல் தளர்த்தினார்களே, எனக்கு ஏன் கூடாது? பிறந்த தேதியை மாற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆளிடம் இனி பேசவே பேசாதீர்கள். ராணுவத்தில் சேரும்போது பொய்த் தகவல் தந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 44ஆவது பிரிவு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள தேதிதான் உங்கள் தேதி. பணம் வாங்கிக்கொண்டு அவர் போய்விடுவார், மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

அடுத்து, 2022. அந்த ஜூன் மாதம் அக்னிவீர், அதாவது நான்கு ஆண்டுப் பணிக்கு எடுக்கப்படும் வீரர்களின், வயது உச்சவரம்பை 21லிருந்து 23 ஆக்கினார்கள். அந்த ஒரு வருடத்துக்கு மட்டும். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் ஆள்சேர்ப்பே நடக்காமல் போனதற்கு ஈடாகக் கொடுத்தது அது. தனி ஒருவரின் குடும்பச் சூழ்நிலையைப் பார்த்துக் கொடுத்ததல்ல. பணியில் உயிர்நீத்த படைவீரரின் மனைவி 35 வயது வரை அதிகாரியாக விண்ணப்பிக்கலாம் என்ற சலுகையும் அப்படித்தான், ஒரு பிரிவினருக்கென்று விதியிலேயே எழுதப்பட்டது. அமெரிக்காவில் தனி ஆளாக விலக்கு கேட்கும் முறை உண்டு. ஆள் பற்றாக்குறை வந்தபோது வரம்பையே உயர்த்தியும் இருக்கிறார்கள். 2022இல் அவர்களுடைய கடற்படை அதை 41 ஆக்கியது. இங்கே தனி ஆளின் மனுவைப் பார்த்து விலக்கு தரும் முறை இல்லை. நான்காவது மனுவும் பதிலில்லாமல்தான் கிடக்கும். குடும்பத்துக்காகக் கொடுத்த வருடங்களுக்கு யாராவது ஈடு செய்ய மாட்டார்களா என்று நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குப் புரிகிறது, தம்பி. ஆனால் அந்த எதிர்பார்ப்பிலேயே இன்னும் இரண்டு வருடம் போய்விடக் கூடாது.

ஏனென்றால் உங்களுக்கென்றே ஒரு வழி இருக்கிறது. டெரிட்டோரியல் ஆர்மி என்னும் பிராந்திய ராணுவம். 1949 அக்டோபர் 9 அன்று கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி தொடங்கிவைத்தது. அதன் அதிகாரி தேர்வுக்கு வயது 18 முதல் 42 வரை. பட்டம் வேண்டும், வருமானம் தரும் வேலையும் வேண்டும். வேலையில் இருப்பதைத் தடையாக நினைக்காதீர்கள். அங்கே அதுதான் தகுதி. எழுத்துத் தேர்வு, நேர்முகம், எஸ்.எஸ்.பி. என்னும் ராணுவத் தேர்வு வாரியத்தின் சோதனைகள், மருத்துவப் பரிசோதனை எல்லாம் தாண்டினால் தோளில் லெப்டினன்ட்டின் இரண்டு நட்சத்திரம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இது முழுநேர வேலை அல்ல. வருடத்துக்கு இரண்டு மாதப் பயிற்சி முகாம். அப்புறம் நாடு அழைக்கும்போது சீருடை. பயிற்சியிலும் பணியிலும் இருக்கும் நாட்களுக்குத்தான் சம்பளம். இடங்களும் குறைவு. எனவே வேலை பார்க்கும் இடத்தில் விடுப்பு பற்றி இப்போதே பேசிவையுங்கள்.

காலை ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். ஐந்தே முக்கால் நிமிடம் என்பது இருபது வயதுப் பையன்களே திணறும் நேரம். மாலையில் கணக்கு, பொது அறிவு, ஆங்கிலம், பகுத்தறியும் திறன் நான்குக்கும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அடுத்த அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.