பாய்மரம் தெரியாமல் யாட் பந்தயத்துக்குப் போகலாமா?

கேள்வி: மதுரை கே.புதூரில் இருக்கிறேன். வயது 29, ஐ.டி. வேலை. பினாங்கில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்குத் தெரிந்த ஒருவர், தன் 40 அடி பாய்மர யாட்டை டிசம்பரில் தாய்லாந்தில் நடக்கும் புக்கெட் கிங்ஸ் கப் பந்தயத்துக்குக் கொண்டுபோகிறார். பந்தயம் முடிந்ததும் தீவு தீவாக நின்று மலேசியாவின் லங்காவித் தீவுக்குத் திரும்புவாராம். ஆள் குறைகிறது, செலவைப் பகிர்ந்துகொண்டால் நானும் வரலாம் என்கிறார். கிணற்றில் நீச்சல் பழகியவன் நான். பாய்மரப் படகில் ஏறியதே இல்லை. பந்தயத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. அதற்குப் போகாமல், திரும்பும் பயணத்தில் மட்டும் சேர்ந்துகொள்ளலாமா? என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் நீங்கள் கேட்பதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன்: பந்தயத்துக்கும் போங்கள், அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பான பாதி. 40 அடி யாட்டில் பந்தயத்தின்போது எட்டுப் பேரோ பத்துப் பேரோ இருப்பார்கள். நீங்கள் ஒரு கயிற்றைத் தப்பாக இழுத்தால் பக்கத்தில் இருப்பவர் பிடுங்கிச் சரிசெய்துவிடுவார். சுற்றிலும் மற்றப் படகுகள் இருக்கும், நடத்துபவர்களின் படகும் இருக்கும், மாலையில் கரைக்குத் திரும்பிவிடுவீர்கள். லங்காவி திரும்பும்போதோ படகில் மூன்று நான்கு பேர்தான் மிஞ்சுவார்கள். ராத்திரியில் மற்றவர்கள் தூங்க, நீங்கள் ஒருவராக விழித்திருக்க வேண்டிய நேரமும் வரலாம். பந்தய வாரத்தில் அந்தப் படகோடு கை பழகிய பிறகு இந்தப் பயணத்துக்குக் கிளம்புவதே முறை.

காலத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். கிங்ஸ் கப் 1987இல் தொடங்கியது. புக்கெட் தீவின் கட்டா கடற்கரைப் பக்கம் டிசம்பர் முதல் வாரத்தை ஒட்டி நடக்கும். அப்போது நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை முடிந்தும் முடியாமலும் இருக்கும். அதே வாடைக்காற்று புக்கெட்டின் மேற்குக் கரைக்கு நிலத்தைக் கடந்து வருகிறது. அதனால் அங்கே மழை குறைவு, காற்று சீராக வீசும், அலையும் பெரிதாக எழாது. புதியவர் பழக இதைவிட நல்ல கடல் கிடைப்பது அரிது. ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் இதே கரையில் பயணம் என்று கேட்டிருந்தால், வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

சரி, முதலில் செய்ய வேண்டியது படகோட்டக் கற்பது அல்ல, ஸ்கிப்பரை, அதாவது படகின் தலைவரை, விசாரிப்பது. அவர் உங்களைத் தேர்ந்தெடுப்பது போல நீங்களும் அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரில் முடியாவிட்டால் வீடியோ காலில் பேசுங்கள். ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நல்ல ஸ்கிப்பர் உடனே உங்களைக் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்: நீச்சல் தெரியுமா, எடை எவ்வளவு, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, முதுகுவலி உண்டா என்று. ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, சும்மா வாங்க’ என்று சிரிப்பவரிடம் எனக்கு நம்பிக்கை வராது.

அப்புறம் உங்கள் கேள்விகள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும், படகோடு உடம்பைப் பிணைக்கும் வாரும் இருக்கிறதா? உயிர்காப்பு மிதவை கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது? பந்தயத்தின்போது ஏற்படும் விபத்துக்கும், படகில் வரும் ஆட்களுக்கும் படகின் இன்சூரன்ஸ் பொருந்துமா? எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது: ஸ்கிப்பரே கடலில் விழுந்துவிட்டால், படகைத் திருப்பி அவரைத் தூக்கத் தெரிந்த இன்னொருவர் திரும்பும் பயணத்தில் இருக்கிறாரா? இதற்குத் தடுமாறாமல் ஒரு பெயர் பதிலாக வர வேண்டும். வராவிட்டால் பந்தயத்தோடு விமானம் ஏறி வந்துவிடுங்கள். முன்பு அவரோடு போன இரண்டு பேரின் தொலைபேசி எண்ணையும் வாங்கிப் பேசுங்கள். கடலில் போகும்போது குடிப்பாரா, கத்துவாரா என்பதை அவர்கள்தான் சொல்வார்கள். இதைப் படிக்கும் பெண்கள், முன்பு போனவர்களில் ஒரு பெண்ணிடமாவது பேசாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பழகுவதற்குச் சென்னைக்குப் போகலாம். 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப், தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் இரண்டும் சென்னைத் துறைமுகத்தில்தான் இருக்கின்றன. டோக்கியோ, பாரீஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் பாய்மரப் போட்டியில் கலந்துகொண்ட நேத்ரா குமணன் சென்னைப் பெண். துறைமுகம் பாதுகாப்பு வளையத்துக்குள் இருப்பதால் நினைத்தவுடன் உள்ளே போக முடியாது. பெரியவர்களுக்கான பயிற்சி எப்போது, நுழைவு அனுமதிக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, வெள்ளி இரவு ரயிலேறுங்கள். அங்கே சின்ன டிங்கிப் படகில்தான் ஏற்றுவார்கள். நான் போவது யாட் அல்லவா என்று நினைக்காதீர்கள். டிங்கியில் கயிற்றை ஒரு சாண் விட்டால் என்ன ஆகிறது என்பது உட்கார்ந்த இடத்திலேயே உடம்புக்குத் தெரியும். காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 45 டிகிரிக்குள் எந்தப் பாய்மரப் படகும் நேராகப் போக முடியாது, வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும் என்பதும் அங்கேயே புரிந்துவிடும். வாய்ப்பு இருந்தால், புக்கெட்டிலோ லங்காவியிலோ ஆர்.ஒய்.ஏ. என்னும் பிரிட்டிஷ் பாய்மரப் படகுச் சங்கத்தின் ‘காம்பிடென்ட் க்ரூ’ என்னும் ஐந்து நாள் பயிற்சியைப் பந்தயத்துக்கு முந்தைய வாரத்தில் முடித்துக்கொள்ளலாம். படகிலேயே தங்கிப் பழகும் பயிற்சி அது, முன் அனுபவம் தேவையில்லை.

கிணற்று நீச்சல் பெரிய சொத்து. ஆழத்துக்குப் பயம் இருக்காது. இருந்தாலும் கிணற்றில் நாலு கை வீசினால் படி வந்துவிடும். ரேஸ்கோர்ஸ் மைதான நீச்சல் குளத்தில் நிற்காமல் நீந்திப் பழகுங்கள். அனுமதி கேட்டு, ஒருநாள் முழுக்கைச் சட்டையோடு இறங்கிப் பாருங்கள். துணியின் எடை அப்போது தெரியும். வீட்டில் இரண்டடிக் கயிறு ஒன்றை வைத்துக்கொண்டு 8 வடிவ முடிச்சும், பௌலைன் என்னும் வளைய முடிச்சும் போட்டுப் பழகுங்கள். பௌலைன் எவ்வளவு இழுத்தாலும் நழுவாது, வேலை முடிந்ததும் சுலபமாக அவிழும். இருட்டில், பேசிக்கொண்டே போட வரும்வரை விடாதீர்கள்.

இன்னொன்று, இது என் ஆசை. தொண்டி, நம்புதாளை பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கோயில் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். மதுரையிலிருந்து பஸ்ஸில் போய் வந்துவிடலாம். காற்றுக்கு ஏற்ப ஆட்கள் இடம் மாறி உட்காருவதைக் கவனியுங்கள். புக்கெட்டில் உங்கள் முதல் வேலையும் அதுதான்.

யாட்டின் அடியில் கீல் என்னும் கனமான எடை இருக்கிறது. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை போல, சாய்ந்தாலும் நிமிர்ந்துவிடும். அதனால் சாயும்போது கவிழ்ந்துவிடும் என்று பதற வேண்டாம். ஆனால் அதிகம் சாய்ந்தால் வேகம் குறையும். அதைத் தடுக்கப் புதியவர்களைக் காற்று வரும் பக்கத்து விளிம்பில், கால்களை வெளியே தொங்கவிட்டு வரிசையாக உட்கார வைப்பார்கள். படகு திரும்பும்போது மறுபக்கத்துக்கு ஓட வேண்டும். கட்டளை வரும்வரை அசையவே கூடாது, வந்ததும் தாமதிக்கவும் கூடாது. சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும், ஆனால் ஜெயிக்கும் படகில் இதுவும் கணக்கு.

காயம் வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று பூம், பெரிய பாயின் அடியில் குறுக்காக நிற்கும் கட்டை. பின்காற்றில் போகும்போது பாய் ஒரே வீச்சில் மறுபக்கம் திரும்பினால் அந்தக் கட்டை மண்டையைப் பிளக்கும் வேகத்தில் வரும். அது வீசும் வட்டத்துக்குள் எப்போதும் தலையைத் தாழ்த்தியே இருங்கள். இரண்டாவது, விஞ்ச். கயிற்றைக் கடிகாரச் சுற்றில் சுற்றி இழுக்கும் உருளை அது. காற்று வலுத்தால் அந்தக் கயிற்றில் ஏறும் பளு நூற்றுக்கணக்கான கிலோ. விரல் உருளைக்கும் கயிற்றுக்கும் நடுவில் சிக்கினால் போச்சு. மோதிரம், கையில் கட்டிய சாமிக்கயிறு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள்.

பந்தய விதிகளில் இப்போதைக்கு இவை போதும். காற்று வலப்பக்கமிருந்து வரும் படகுக்கே வழி. இடப்பக்கமிருந்து காற்று வாங்கும் படகு ஒதுங்க வேண்டும். இரண்டு படகுக்கும் ஒரே பக்கக் காற்று என்றால், காற்று வரும் பக்கத்தில் இருப்பது ஒதுங்க வேண்டும். தொடக்கத்துக்கு ஐந்து நிமிடம், நான்கு நிமிடம், ஒரு நிமிடம் இருக்கும்போது கொடியும் ஒலியும் வரும். அந்த ஐந்து நிமிடமும் பேசாதீர்கள். முன்பாய் மறைத்து ஸ்கிப்பருக்குத் தெரியாத படகு ஏதாவது உங்கள் கண்ணில் பட்டால் மட்டும் உரக்கச் சொல்லுங்கள்.

கடல் மயக்கத்துக்கு டாக்டரிடம் மாத்திரை கேட்டு வாங்கி, ஒரு விடுமுறை நாளில் மதுரையிலேயே போட்டுப் பாருங்கள். சிலருக்குத் தூக்கம் அள்ளிக்கொண்டு போகும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் நிற்காது, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். தலை சுற்றினால் கீழே அறைக்குள் போகாமல் மேலேயே இருந்து தொடுவானத்தைப் பாருங்கள். வாந்தி எடுப்பதென்றால் காற்று போகும் பக்கம்.

இனி திரும்பும் பயணம். புக்கெட்டிலிருந்து லங்காவி சுமார் 120 கடல் மைல். மணிக்கு 6 கடல் மைல் போனால் 20 மணி நேரம் ஆகும், ஒரு ராத்திரியாவது கடலில்தான். பீபி தீவு, லந்தா தீவு என்று நின்று போனால் பகலிலேயே பயணத்தை முடித்து, இரவில் நங்கூரம் போட்டுத் தூங்கலாம். எந்த முறை என்று இப்போதே கேளுங்கள். உங்களுக்கு நான் சொல்வது இரண்டாவது.

இரவுக் காவல் கொடுத்தால், மேலே வந்ததும் முதலில் வாரை மாட்டிக்கொள்ளுங்கள். தூரத்தில் பச்சை நிறத்தில் பளீரென்று எரிவது பெரும்பாலும் கணவாய் மீன் பிடிக்கும் தாய்லாந்துப் படகுகள். எந்த விளக்கைப் பார்த்தாலும் அதை நம் படகின் கம்பி ஒன்றோடு நேர்கோட்டில் வைத்துக் கவனியுங்கள். நாம் திசை மாறாமல் போகும்போது, சில நிமிடம் கழித்தும் விளக்கு அதே கம்பிக்கு நேராக இருந்து பெரிதாகிக்கொண்டே வந்தால், இரண்டு படகும் மோதும் பாதையில் இருக்கின்றன. உடனே ஸ்கிப்பரை எழுப்புங்கள். சந்தேகமாக இருந்தாலே எழுப்பலாம். அதற்குக் கோபிக்கும் ஸ்கிப்பரோடு இன்னொரு முறை போகவே வேண்டாம்.

காகித வேலையில் பலரும் சிக்குவது ஒரே இடத்தில்: நீங்கள் தாய்லாந்துக்குள் விமானத்தில் போகிறீர்கள், வெளியேறுவது படகில், மலேசியாவுக்குள் நுழைவதும் படகில். விமான நிலையத்தில் கிடைக்கும் விசா சலுகை கடல்வழி நுழைவுக்கும் செல்லுமா என்று இரண்டு நாட்டு அதிகாரபூர்வ இணையதளங்களிலும் பாருங்கள். ஒருவழி டிக்கெட்டோடு நின்றால் விமான கவுண்டரிலேயே மறிப்பார்கள். படகின் பெயர், பதிவெண், தேதிகள், படகோட்டிகள் பட்டியலில் உங்கள் பெயர் எல்லாம் உள்ள ஸ்கிப்பரின் கடிதமும், மலேசியாவிலிருந்து ஊர் திரும்பும் டிக்கெட்டும் கையில் இருக்கட்டும். பயண இன்சூரன்ஸ் எடுக்கும்போது, பந்தயமும் கரையைவிட்டு விலகிய கடல் பயணமும் விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாலிசியைப் படியுங்கள். சாதாரண பாலிசிகளில் பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள்.

செலவுப் பங்கு என்றால் சாப்பாடு, டீசல், படகுத்துறை வாடகை, பந்தய நுழைவுக் கட்டணம் இவற்றில் எதெது என்று எழுத்தில் வாங்குங்கள். பாய் கிழிந்தால் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துத்தான். பேச்சுவாக்கில் ‘சம்பள வேலையாக மாற்றித் தருகிறேன், முன்பணம் கட்டு’ என்று யாராவது கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கடல் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்டுக்கு இந்தியக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும்.

சூட்கேஸ் வேண்டாம், படகில் வைக்க இடமிருக்காது. மடித்து வைக்கக்கூடிய துணிப்பை போதும். தளத்தில் கறை பதிக்காத அடிப்பாகம் உள்ள ஷூ ஒன்று, கண்ணாடிக்கு ஒரு கயிறு. சைவமாக இருந்தால் சாமான் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.